கிறீஸ் நிப்பிளும் சிவப்புப் பெயின்ட்டும்

அன்புள்ள ஐயா,

அப்பப்பாவின் 1958 மொரிஸ் மைனர் தெஹிவளை வீட்டுக் கொட்டிலில் 18 வருடமாக நிற்கிறது. விற்க மனமில்லை. நான் கணினித் துறையில் இருப்பவன், ஸ்பனர் பிடித்துப் பழக்கமில்லை. யூடியூப் பார்த்து நானே திருத்தி ஓட நினைக்கிறேன். கராஜில் விட்டால் பாஸ்மார் ஏமாற்றிவிடுவார்கள் என்கிறார்கள். முதலில் எஞ்சினை இறக்குவதா, டிங்கரிங் முடித்துப் பெயின்ட் அடிப்பதா? பழைய சாம்பல் நிறமா, சிவப்பா? ஸ்ரீ இலக்கத்தகட்டை அப்படியே வைத்திருக்கலாமா?

– ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பழைய கார்ச்சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடை வாசலில் கிடந்த பழைய கிறீஸ் கன்னைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, விலைகூடக் கேட்காமல் வைத்துவிட்டு வந்திருந்தேன். இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். கார் பற்றிக் கேட்க என்னைவிட நல்ல ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ஸ்ரீ தகடு இருக்கட்டும். 1958இல் அந்தச் சிங்கள எழுத்துக்காக வடக்கிலும் தெற்கிலும் ஆட்கள் தார்வாளி தூக்கினார்கள். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

எஞ்சினை இறக்காதீர்கள். 948 சீசீ எஞ்சின், லேசில் சாகாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒருநாள் ஊறவிட்டு, ஹாண்டிலைப் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி வேலை மிச்சம். பற்றரி பூட்டும்போது கவனம்: யாரும் மாற்றியிராவிட்டால் இந்தக் காரில் பிளஸ் பக்கம்தான் பாடிக்குப் போகும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. மில்லிமீற்றர் ஸ்பனரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அரை இஞ்சி நட்டில் 13 ஆம் இலக்க ஸ்பனர் ஏறும், சும்மா ஆடும், நீங்கள் பலம் போட்டதும் மூலைகள் மழுங்கிவிடும். பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. 18 வருடத்தில் அதற்குள் இருந்த றப்பர் எல்லாம் போயிருக்கும். ஓடுவதற்கு முதல் நிற்கப் பழக்குங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல அல்ல.

எங்கள் அப்பாவிடமும் ஒரு மைனர் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவுவார், மெழுகு போட்டுத் தேய்ப்பார். கடற்காற்றில் கறள் பிடிக்கும் என்று பயந்து ஒருமுறை நல்ல செலவில் முழுக் காரையும் சிவப்பாக்கினார். அடியில் சக்கரப் பக்கமெல்லாம்கூட சிவப்பு. உறவுக்காரர் வந்தால் பொனட்டில் முகம் பார்க்கலாம் என்பார். நாங்கள் பார்த்தோம்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை காலி வீதியிலிருந்து ஹம்டன் லேனுக்குள் திருப்பும்போது, நடக்கிற வேகத்தில், முன்சக்கரம் மடங்கி மட்காட்டுக்குள் படுத்துவிட்டது. அம்மாவின் மடியிலிருந்த மாம்பழப் பை வீதியெல்லாம் உருண்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்ததைவிட, மாம்பழம் பொறுக்கித் தந்த சனங்கள் சிரித்ததுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

மாளிகாவத்தையிலிருந்து ஒரு பாஸ் வந்தார். பேச்சு பாதி சிங்களம், பாதி தமிழ். ஜக் அடித்து, பக்கத்தில் மரக்குற்றி வைத்து, படுத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் தண்டின் மேல்முனையும் கீழ்முனையும் ட்ரனியன் என்ற, மரை வெட்டிய உலோகக் கட்டைக்குள் திரும்புகின்றன. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து தண்டு கழன்றுவிடும். எல்லா மைனருக்கும் உள்ள வியாதி. ஒவ்வொரு மரைக்கும் கிறீஸ் போக ஒரு நிப்பிள் உண்டு, சுண்டுவிரல் நுனியளவு, நடுவில் சின்ன இரும்பு மணி. பாஸ் நகத்தால் அதைச் சுரண்டினார். சிவப்புச் செதில் ஒன்று கழன்று என் கையில் விழுந்தது. பெயின்ட் அந்த மணியின் மேலேயே காய்ந்து வாயை அடைத்திருந்தது. அதற்குப் பிறகும் மாதாமாதம் சேவிஸ் செய்து, கிறீஸ் அடித்ததாகக் காசும் வாங்கியிருக்கிறார்கள். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

அப்பாவை அவர் ஏசவில்லை. கிறீஸ் கன்னை என் கையில் தந்து, ஆயிரம் மைலுக்கு ஒருதடவை, மறக்காதே என்றார். பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கூலி அப்பா எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. உங்களுக்குப் பாஸ்மாரைப் பற்றிச் சொன்னவர்களை என்னிடம் அனுப்புங்கள், நான் கதைக்கிறேன். கள்ளர் இல்லை என்று சொல்லவில்லை, எந்தத் தொழிலில் இல்லை? கணினித் துறையில் இல்லையா? தெரியாதவன் என்று தெரிந்தால்தான் ஏமாற்றுவார்கள். நல்லவர் ஒருவரைத் தேடி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் குந்தியிருங்கள். உங்கள் யூடியூப்காரருக்கு நீங்கள் நட்டை எவ்வளவு இறுக்குகிறீர்கள் என்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் பாஸ் உங்கள் தோளைப் பார்த்தே, ‘போதும்’ என்பார்.

வருகிற சனிக்கிழமை கல்லடுக்கி அல்ல, சரியான தாங்கியில் காரை ஏற்றி (ஜக்கை மட்டும் நம்பி அடியில் போனால் எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம்) முன்பக்கம் படுங்கள். நிப்பிள் ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. துணியால் துடையுங்கள். பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். கன்னை வைத்து அமுக்குங்கள், முதலில் கறுப்பாக, தார்போல, பழையது பிதுங்கும். அதன் பின்னால் புதிது வரும்வரை விடாதீர்கள். வராவிட்டால் மரையைப் பார்க்காமல் வாசலுக்கு அப்பால் காரைக் கொண்டுபோகாதீர்கள்.

நாலு நிப்பிளும் கிறீஸ் பிடித்தனவா என்று எழுதுங்கள். நிறத்தை அப்புறம் கதைப்போம்.