ஐடி வேலையை வச்சுக்கிட்டே வெளிநாட்டுல போய் தங்கி ரிமோட்ல வேலை பார்க்க முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்?

முடியும்ங்க. தாய்லாந்துல சியாங் மாய்ங்கிற மலைப்பக்க ஊர்ல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். ஆனா "ஐடி வேலையை வச்சுக்கிட்டே"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, சிக்கலே அங்கதான். உங்க கம்பெனி ஆபீஸுக்கு வான்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்கும், யூடியூப்ல எவனோ பீச்ல லேப்டாப்போட உக்காந்திருக்கிறதைப் பார்த்திருப்பீங்க, அதானே? இந்தியால சம்பளம் போடுற கம்பெனி வேற நாட்டுல இருந்து லாகின் பண்ண சாதாரணமா விடாது, வரிப் பிரச்சனை, டேட்டா செக்யூரிட்டி எல்லாம் அவங்க தலையில வந்து விழும். விபிஎன் போட்டு இருக்கிற இடத்தை மறைச்சு சமாளிச்சுக்கலாம்னு சொல்றவன் பேச்சைக் கேக்காதீங்க. ஹெச்ஆர் மெயில்ல ஓகே சொன்னா கிளம்புங்க, இல்லன்னா ஃப்ரீலான்ஸ்ல நிலையா ஒண்ணு ரெண்டு க்ளையண்ட் பிடிச்சுட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. நான் பண்ணது ரெண்டாவது.

விசாவுக்கு வர்றேன். 2024 ஜூலைல தாய்லாந்து டிடிவின்னு (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) ஒரு விசா கொண்டு வந்தாங்க. 5 வருஷம் செல்லும், ஒரு தடவை உள்ள வந்தா 180 நாள் இருக்கலாம், ஆனா கணக்குல 5 லட்சம் பாத் காட்டணும், நான் காட்டினப்போ நம்ம பணத்துல 13 லட்சம் பக்கம். தாய்லாந்து கம்பெனிக்கு வேலை பார்க்கக் கூடாது. இன்னொண்ணு, ஒரு காலண்டர் வருஷத்துல 180 நாள் அங்க இருந்துட்டா வரிக்கணக்குல அந்த ஊர்க்காரன் ஆயிடுவீங்க, 2024ல இருந்து வெளிநாட்டு வருமானத்தை உள்ள கொண்டு வந்தா அதுவும் கணக்குல வரும். இதுக்கு ஆடிட்டருக்கு ஃபீஸ் குடுத்து கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.

இப்ப என் வயித்தெரிச்சல். தாய்லாந்துன்னு சொன்னதும் நம்ம ஆளுங்க ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, அதை வாங்காத ஆம்பளை தாய்லாந்துல இருந்திருக்கவே முடியாது. போன தடவை ஈரோடு வந்தப்ப ஒரு கல்யாணத்துல பெரியப்பா முறை ஆகுறவர் நாலு பேரு முன்னாடி "ஏனுங்க தம்பி, அங்க வேலைதான் பார்க்குறீங்களா?"ன்னு கேட்டுட்டு கண்ணடிக்கிறாரு. எங்கம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. என் க்ளையண்ட் நியூயார்க், அவங்களுக்குக் காலைல 9 மணின்னா எனக்கு ராத்திரி 8, குளிர்காலத்துல 9. ஈரோட்லயே இருந்திருந்தா ஆறரைக்கே ஆரம்பிச்சிருக்கும்! ஊரு ஆட்டம் போடுற நேரத்துல நான் ஹெட்செட் மாட்டிக்கிட்டு "கேன் யூ ஹியர் மீ"ன்னு கத்திக்கிட்டு இருக்கேன். இதைச் சொன்னா பெரியப்பா நம்பவா போறாரு. மச்சான் அமெரிக்கால ஆன்சைட் போனா பெருமை, நான் சொந்தமா க்ளையண்ட் பிடிச்சு இங்க இருந்தா ஊர் சுத்துறவன்.

உடனே கமெண்ட்ல "இதெல்லாம் பணக்கார வீட்டுப் பசங்களுக்கு"ன்னு ஒருத்தர் வருவாரு. எங்கப்பா தறி ஓட்டுனவருங்க. அந்த 13 லட்சம் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தது.

செலவுன்னு பார்த்தா ஸ்டூடியோ ரூம் 8,000ல இருந்து 15,000 பாத்துக்குள்ள கிடைக்கும், நிம்மான் ஏரியான்னா கூட ஆகும். கடையில சாப்பாடு 60 பாத். வெஜிடேரியன்னா "ஜே"ன்னு மஞ்சக்கொடி போட்ட கடையாப் பார்த்துப் போங்க, மத்த எடத்துல மீன் சாஸ் விழுந்துடும். ஏடிஎம்ல நம்ம கார்டு போட்டா ஒவ்வொரு தடவையும் 220 பாத்துக்குக் குறையாம பிடிப்பான், அதனால மொத்தமா எடுங்க. பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் வயல், காடு எல்லாம் எரிப்பாங்க, எதிர்ல இருக்கிற தோய் சுதேப் மலையே தெரியாது, கண்ணு எரியும். அந்தச் சமயம் நான் மலேசியால இருக்கிற பினாங்குக்கு ஓடிடுவேன். அங்க லிட்டில் இந்தியால தமிழ்லயே பேசி இட்லி வாங்கலாம்.

வாடகைன்னதும் ஞாபகம் வருது. இங்க ரெண்டு மாச டெபாசிட் குடுத்தேன், காலி பண்ணப்போ கரண்டு, தண்ணி பில்லைக் கழிச்சிட்டு மீதியை முழுசா குடுத்தாங்க. சென்னைல நான் காலி பண்ண வீட்டுக்கு 10 மாச அட்வான்ஸ் வாங்கிட்டு, பெயிண்டிங், ஃபேன், குழாய்னு பிடிச்சுப் பாதிதான் குடுத்தாரு ஓனர். அந்த பெயிண்ட் இன்னைக்கு வரைக்கும் அடிக்கலை, புதுசா குடி வந்த பையன்ட்ட கேட்டேன். இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான், ஆத்தாமை.

கிளம்புறதுக்கு முன்னாடி இந்திய நம்பரை மட்டும் கட் பண்ணிடாதீங்க. ரோமிங் போட்டு ரீசார்ஜ் பண்ணி வச்சிருங்க, பேங்க் ஓடிபி அதுலதான் வரும். கேஒய்சியும் முடிச்சுட்டு வாங்க. எனக்கு இங்க வந்தப்புறம் அக்கவுண்டை நிறுத்தி வச்சிட்டு நேர்ல வாங்கன்னாங்க, ஒரு கையெழுத்துக்காக ஃப்ளைட் ஏறி வந்தேன்.