வயலைப் பார்க்க விமானம் ஏறலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் டிசம்பர் விடுமுறை என்றாலே மலைதான். சென்ற ஆண்டு கேமரன் மலைக்குப் போனோம். குளிரும் மூடுபனியும் எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் மூச்சு முட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சரிவு வந்து பார்வையை மறித்தது. நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். இந்த முறை இடத்தை என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டார்கள். மனதில் நெல்வயல்தான் வருகிறது. "வயலைப் பார்க்கவா ஃபிளைட் ஏறணும்?" என்கிறான் மகன். கணவருக்கோ மலை இல்லாவிட்டால் அது விடுமுறையே இல்லை. என் ஆசை சிறுபிள்ளைத்தனமா?

ம., பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

துளியும் இல்லை. பெரும்பாலான பயணங்கள் டிக்கெட் விலையில் தொடங்குகின்றன, அல்லது யாரோ அனுப்பிய படத்தில். எந்த நிலத்தில் நம் உடம்பு இளைப்பாறும் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. நீங்கள் அங்கிருந்து தொடங்குகிறீர்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது வயலா, வெட்டவெளியா? ஞாயிறு மாலை பொங்கோல் கடலோரத்தில் நின்று ஜொகூர் நீரிணையைப் பார்க்கும்போதே நெஞ்சு லேசாகிறது என்றால், வெட்டவெளிதான். அப்படியானால் கம்போடியாவின் தொன்லே சாப் ஏரிக்குப் போகலாம். மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே பாயும். ஏரி பல மடங்கு விரிந்து, கரைக்காடெல்லாம் தண்ணீரில் நிற்கும். ஆனால் அந்தக் கடலோரத்திலும் 'வரப்பு இல்லையே, சேற்று வாசனை இல்லையே' என்று தோன்றினால், உங்களுக்கு வயல்தான். கடிதத்தைப் படித்தால் எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

மலேசியாவின் கெடா மாநிலத்துக்குப் போங்கள். பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து அலோர் ஸ்டாருக்குச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். நெடுஞ்சாலை குருன் என்ற ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நிலம் தட்டையாகிவிடும். மூடா, பெடு அணைகளின் தண்ணீரால் 1970 முதல் அங்கே இரண்டு போகம் விளைகிறது. நெல் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேர். குறுவையும் தாளடியும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்த வாய்க்கால்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் வரப்போரம் நில்லுங்கள். மடையில் தண்ணீர் விழும் இடத்தில் கொக்குகள் கழுத்தை நீட்டிக் காத்திருக்கும். வயல் நடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் மகனுக்குக் காட்டுங்கள். கூகை என்னும் ஆந்தை குஞ்சு பொரிக்க வைத்த பெட்டி அது. எலி மருந்துக்குப் பதிலாகக் கூகையை வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். விமானம் ஏறி வந்தது எதற்கு என்று பிறகு அவன் கேட்க மாட்டான்.

கணவருக்கும் அங்கேயே மலை இருக்கிறது. அந்தச் சமவெளியின் தெற்கில், கடலோரத்தில், தனியாக எழுந்து நிற்கிறது ஜெராய். உயரம் 1,217 மீட்டர். உச்சிக்கு அருகே வரை சாலை உண்டு. அவர் ஏறட்டும், நீங்களும் கூடவே போங்கள். கேமரனில் போல இங்கே மலை உங்கள் பார்வையை மறிக்காது. மேலே நின்றால் ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் மலாக்கா நீரிணை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் கடாரம் இந்தக் கெடாதான். 1025ஆம் ஆண்டுவாக்கில் சோழர் படை இங்கே வந்தது. அதற்கும் முன்பிருந்தே வங்கக்கடலைக் கடந்து வந்த வணிகக் கப்பல்களுக்கு ஜெராய்தான் அடையாளம். அதன் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டியே சிலவற்றைப் பார்க்கலாம். காவிரிப் படுகையில் பிறந்தவர் இன்னொரு நெல்நாட்டில் அந்தக் கற்களின் முன் நிற்பதை நினைத்தால் எனக்கே உடனே கிளம்பத் தோன்றுகிறது.

நிலத்தைப் போலவே பருவமும் முக்கியம். கடல் பிடித்தவர்கள் பலர் டிசம்பரில் மலேசியாவின் கிழக்கே உள்ள தியோமான் தீவில் அறை தேடுவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும், விடுதிகள் பலவும் மூடியிருக்கும். அதே மாதத்தில் மேற்கே லங்காவித் தீவில் கடல் அமைதியாக இருக்கும். வயலுக்கும் இந்தக் கணக்கு உண்டு. நவம்பரில் கெடாவில் மழை கொட்டிச் சில ஆண்டுகளில் வெள்ளமும் வரும். ஆகவே டிசம்பர் பிற்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திறப்பதைப் பொறுத்து நடவு முன்பின் ஆகும் என்பதால், விடுதிக்காரரிடம் ஃபோனில் கேளுங்கள்: பயிர் பச்சையா, கதிர் முற்றிவிட்டதா, அறுத்துவிட்டு வெறும் அரிதாளா? கதிர் முற்றியிருந்தாலும் போகலாம், அறுவடை எந்திரத்தை மகன் பார்ப்பான். அரிதாள் என்றால் ஜூன் விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

அலோர் ஸ்டார் நகரத்துக்குள் தங்க வேண்டாம். வயலை ஒட்டிய தங்கும் வீடுகள் இருக்கின்றன. குறைந்தது மூன்று இரவு தங்குங்கள், அதில் ஒரு முழு நாளைத் திட்டம் ஏதுமில்லாமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெராயும் பூஜாங்கும் திரும்பும் வழியில்தான், பினாங்குக்கு வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.