வயதான நாயின் மூச்சிரைப்பும் இருமல் மருந்தும்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் காவல் நாய்க்கு 12 வயதாகிறது. இதய வால்வு கசிவதாகவும் சிறுநீரகம் சற்றுப் பலவீனமாக இருப்பதாகவும் மருத்துவர் முன்பே சொன்னார். மூட்டுவலிக்கு மெலாக்சிகாம் கொடுத்துவருகிறோம். சில நாட்களாக இரவில் இருமி இரைக்கிறது. மருந்துக் கடையில் பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். மூன்று நாளாகத் தருகிறோம். கூடவே எந்த இருமல் மருந்து தரலாம்?

பதில்: இருமல் மருந்து எதுவும் தர வேண்டாம். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்த இருமல் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். வால்வு கசியும் நாய்க்கு நுரையீரலில் நீர் கோத்தும் இரைக்கலாம். மூச்சுக்குழல் தளர்ந்து சப்பிப்போயும் இருமலாம். முன்னதற்கு நீர் பிரிக்கும் மருந்து உயிர்காக்கும். பின்னதற்கு அது பயன்படாததோடு, பலவீனமான சிறுநீரகத்தை மேலும் வாட்டும். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் இதைப் பிரித்தறிவது கடினம்.

அதைவிட அவசரமானது கடைக்காரர் கொடுத்த மாத்திரை. மெலாக்சிகாமுடன் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியலாம். அந்த ஸ்டீராய்டு இதயநோயுள்ள நாயின் நிலையை மோசமாக்கவும் கூடும். நாயைப் பார்க்காமல், வேறென்ன மருந்து ஓடுகிறது என்றும் கேட்காமல் ஸ்டீராய்டு விற்பவரை மருத்துவராக எண்ணி நம்பாதீர்கள். அடுத்த வேளை மெலாக்சிகாமைக் கொடுக்காமல், எல்லா மாத்திரை அட்டைகளோடும் இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்; ஸ்டீராய்டை எப்படி நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும்.

எந்த மருந்தையும்விட நான் பெரிதாக மதிப்பது ஒரு நோட்டுப் புத்தகத்தை. நாய் அயர்ந்து உறங்கும்போது, வெக்கையில்லாத இடத்தில், மார்பு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு முழு நிமிடம் எண்ணி, தினமும் தேதியோடு எழுதுங்கள். கனவில் கால் உதறும்போதும் விழித்து இரைக்கும்போதும் எண்ணுவது கணக்கில் சேராது. பெரும்பாலும் எண்ணிக்கை 30-க்குள் இருக்கும். சற்று நேரம் விட்டு மறுபடி எண்ணியும் அதைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் இருமல் கூடுவதற்கு முன்பே நுரையீரல் நீரை இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் மருத்துவருக்கும் இந்தக் குறிப்பு உதவும்.

ஈறு நீலம் பாய்ந்தாலோ, படுக்க முடியாமல் கழுத்தை நீட்டி முழங்கையை அகட்டி நின்றாலோ, எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுசெல்லுங்கள்; அந்நேரத்தில் வாயில் தண்ணீரோ மருந்தோ புகட்டக் கூடாது. கழுத்துச் சங்கிலியை மட்டும் இப்போதே கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிய பட்டையில் கட்டுங்கள்.