மனுவில் கேட்டதும் பள்ளியில் கிடைத்ததும்

அன்புள்ள ஐயா,

காலனிய நியூசிலாந்தில் தாய்மொழியில் பேசியதற்காக, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பிள்ளைகள் பள்ளியில் அடிபட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆனால் பள்ளிக்குள் மாவோரி மொழியில் ஒரு சொல்கூடப் பேச அனுமதிக்கக் கூடாது என்று 1876-இல் மாவோரிகளே நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதைத்தானே அரசு கொடுத்தது? பழியை அரசின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா?

வாசகர், திருச்சி

அன்புள்ள வாசகருக்கு,

மனு உண்மைதான். வி தே ஹாகிரோவும் இன்னும் 336 பேரும் கொடுத்தது. ஆசிரியர், அவர் மனைவி, பிள்ளைகள் யாருக்குமே மாவோரி மொழி அறவே தெரிந்திருக்கக் கூடாது என்றும் அதில் கேட்டிருந்தார்கள். அரசுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் முதலில் நீட்டுவது இந்தத் தாளைத்தான்.

அதன் காலத்தைப் பாருங்கள். மாவோரிகளுக்கும் காலனி அரசுக்கும் நடந்த வைக்காட்டோ போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அரசு பறிமுதல் செய்தது போக மிஞ்சிய மாவோரி நிலமும், 1865-இல் வந்த நில நீதிமன்றத்தின் வழியாகக் கைமாறிக்கொண்டிருந்தது. சட்டமும் ஆட்சியும் ஆங்கிலத்தில் நடந்தன. அந்த மொழி தெரியாவிட்டால் மிச்சமும் போய்விடும் என்று அந்தப் பெற்றோர் பயந்திருந்தால் அதில் வியப்பென்ன? வீட்டிலும் ஊர்க்கூட்டத்திலும் பிள்ளைகள் மாவோரிதான் பேசினார்கள். 1913-இல்கூட மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 90 சதவீதம் பேர் அதைப் பேசினார்கள். அழியும் என்று யாரும் நினைக்காத ஒன்றை அழிக்கச் சொல்லி யார் மனுக் கொடுப்பார்கள்?

அடியை அவர்கள் கேட்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை. மாவோரிப் பள்ளிகளின் ஆய்வாளர் ஜேம்ஸ் போப் 1880-இல் வகுத்த விதிகள், கீழ் வகுப்புகளில் மாவோரி மொழியைத் துணைக்கு வைத்துக்கொள்ள இடம் கொடுத்தன. பிரம்படி என்பது வகுப்பறைகளில் வளர்ந்த வழக்கம். மேலிடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாவோரிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய சர் ஜேம்ஸ் ஹெனாரே, தன் பள்ளி நாட்களைப் பற்றி மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்தின் முன் சாட்சி சொன்னார். பள்ளி வளாகத்தில் மாவோரி பேசியதற்காக அவரைக் காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே படரும் ஒருவகைக் கொடியை அவரே வெட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கொடியைக் கொண்டே அவருக்கு அடி. சோறு போடுவது ஆங்கிலம்தான் என்று அறிவுரை சொன்ன ஆசிரியரையும் அவர் நினைவுகூர்ந்தார்.

சரி, கேட்ட ஆங்கிலமாவது முழுதாகக் கிடைத்ததா? 1867-இன் சட்டப்படி பள்ளி வேண்டுமென்றால் ஊரார் நிலம் தர வேண்டும், கட்டடச் செலவில் பாதியையும் ஆசிரியர் சம்பளத்தில் கால் பங்கையும் ஏற்க வேண்டும். போரில் நொடித்தவர்களிடம் இதைக் கேட்டார்கள்! பணச் சுமை 1871-இல்தான் தளர்ந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு 1877 முதல் இலவசக் கட்டாயக் கல்வி வந்தது. மாவோரிப் பிள்ளைகளுக்கு அது கட்டாயமானது 1894-இல்.

எனக்கு இதைவிடப் பெரிய குற்றமாகப் படுவது பாடத்திட்டம்தான். மாவோரிகள் மூளை உழைப்பைவிட உடலுழைப்புக்கே இயற்கையில் ஏற்றவர்கள் என்று 1862-இலேயே ஹென்றி டெய்லர் என்ற பள்ளி ஆய்வாளர் எழுதிவிட்டார். ஹாக்ஸ் பே பகுதியில் இருந்த தே அவுத்தே கல்லூரி இந்தக் கருத்தைப் பொய்யாக்கியது. அது அரசுப் பள்ளி அல்ல, ஆங்கிலிக்கத் திருச்சபையுடையது. 1878-இல் தலைமை ஏற்ற ஜான் தார்ன்டன் மாணவர்களுக்கு லத்தீன் கற்பித்துப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தார். நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் முதல் மாவோரிப் பட்டதாரியான அபிரானா ஙாட்டா அங்கே படித்தவர். மருத்துவர்களான மாவி போமரேயும் தே ரங்கி ஹீரோவாவும் அப்படியே.

பெருமைப்பட வேண்டிய கல்வித்துறை எரிச்சல்பட்டது. லத்தீன் எதற்கு, விவசாயமும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுங்கள் என்று நெருக்கியது. 1906-இல் அரச ஆணையமே அமர்ந்து விசாரித்தது. தார்ன்டன் எதிர்த்து வாதாடிப் பார்த்தார், பரிந்துரை விவசாயத்தின் பக்கமே சாய்ந்தது. மாவோரிப் பையன் நல்ல விவசாயியாகவும், பெண் நல்ல விவசாயியின் மனைவியாகவும் ஆவதற்கே கல்வி என்று 1930-ஐ ஒட்டிக் கல்வித்துறை இயக்குநர் டி. பி. ஸ்ட்ராங் வெளிப்படையாகவே சொன்னார். அவர் இயக்குநராக இருந்த அந்த ஆண்டுகளில், அரசின் அமைச்சரவையில் மாவோரி விவகாரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் தே அவுத்தேயில் படித்த அதே ஙாட்டாதான்.