ஜூரியில் உட்கார்ந்தால் பாவமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 56. பள்ளிச் சமையலறையில் வேலை. பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரௌன் கோர்ட்டில் ஜூரியாக, அதாவது ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் 12 பொதுமக்களில் ஒருவராக, உட்காரக் கடிதம் வந்திருக்கிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்புகிற பாவம் எனக்கு வேண்டாம் என்று இருக்கிறது. படித்தவர்கள் நடுவில் என்ன பேசுவேன் என்றும் பயம். உடம்பு சரியில்லை என்று எழுதிப்போடச் சொல்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, பொய்க் காரணம் மட்டும் எழுதாதீர்கள். அது குற்றம். சொல்லாமல் போகாதிருந்தாலும் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. தேதி ஒத்துவரவில்லை என்றால் ஒருமுறை தள்ளிவைக்கக் கேட்கலாம்.

இனி, பாவத்தைப் பற்றி. தண்டனையை முடிவு செய்வது நீதிபதி, ஜூரி அல்ல. ஆனால் உங்கள் சொல்லுக்குப் பிறகுதான் அது வருகிறது. அந்தப் பாரம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் நல்லவரா கெட்டவரா என்று உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. அரசுத் தரப்பு காட்டிய சாட்சியங்களைக் கேட்டபின், இந்தக் குற்றத்தை இவர்தான் செய்தார் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறதா? அது ஒன்றுதான் கேள்வி. உறுதி இல்லையென்றால் குற்றவாளி இல்லை என்றே சொல்லுங்கள், 'செய்திருப்பாரோ' என்று மனசுக்குள் அரித்தாலும் சரி. உறுதியாகத் தெரிந்தும் இரக்கப்பட்டு விட்டுவிட்டால், அடிபட்டு வந்து சாட்சிக்கூண்டில் நின்றவருக்கு யார் பதில் சொல்வது?

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு விஷயம். பெரியவர்கள் நாலு பேர் சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொள் என்றுதான் நம்மில் பல பெண்களை வளர்த்தார்கள். ஜூரி கூடிப் பேசி முடிவெடுக்கும் அறையில் அந்தப் பழக்கம் வேண்டாம். 12 பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். குறைந்தது 2 மணி 10 நிமிடம் ஆன பிறகே, 10 பேர் ஒத்துப்போனால் போதும் என்று நீதிபதி சொல்ல முடியும். அதுவரை உங்கள் ஒரு குரலுக்காக மற்றவர்கள் காத்திருக்க நேரலாம். யாராவது கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அவர்கள் சொல்லும் காரணம் உங்களை மாற்றினால் மாறுங்கள். சங்கடத்துக்காக மாறாதீர்கள்.

1670-இல் இதே லண்டனில், தெருவில் பிரசங்கம் செய்த வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரையும் குற்றவாளி என்று சொல்ல ஒரு ஜூரி மறுத்தது. அந்த ஜூரர்களைச் சோறு தண்ணீர் கொடுக்காமல் பூட்டி வைத்தார்கள். அபராதம் போட்டார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்பது அவர் வழக்கில்தான் உறுதியானது. ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அவர்கள் நினைவாகக் கல்வெட்டு இருக்கிறது. அந்த வரிசையில்தான் நீங்களும் உட்காரப் போகிறீர்கள்.

ஏதாவது புரியவில்லையா? ஒரு தாளில் எழுதி ஊழியரிடம் கொடுங்கள், நீதிபதிக்குப் போகும். ஆங்கிலம் நிஜமாகவே பிடிபடவில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவராக இருந்தாலும் அப்படித்தான். அப்புறம், வழக்கைப் பற்றி கூகுளில் தேடவே கூடாது; 2 ஆண்டு வரை சிறை உண்டு.

உள்ளே பேசியதைப் பின்னால் கணவரிடமும் மகனிடமும்கூடச் சொல்லக்கூடாது. எனக்குத் தெரிந்து கஷ்டமான பகுதி இதுதான். 'இன்றைக்கு மனசு சரியில்லை, எதுவும் கேட்காதீர்கள்' என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜூரி வேலை இருக்கிற நாள் முழுக்க இரவுச் சமையலை மகன் பார்த்துக்கொள்ளட்டும்.