அண்டங்காக்கைக் கனவும் ஓடின் வழிபாடும்

வணக்கம். கனவில் இருமுறை அண்டங்காக்கை வந்ததால், அப்பறவையைத் தம் துணையாகக் கொண்ட பழைய வடஐரோப்பியத் தெய்வமான ஓடின் தங்களைத் தேர்ந்துகொண்டதாகப் பொருளா, இனி இடித்தெய்வமான தோரை வணங்குவது துரோகமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே தெய்வத்திடம் தம்மை ஒப்படைத்தாக வேண்டும் என்ற விதி, இத்தெய்வங்களை இன்று வழிபடும் ஆசாத்ரு நெறியில் இல்லை. 1973இல் ஐஸ்லாந்து அரசு அங்கீகரித்த அதன் சங்கத்துக்கு வேதநூலும் கிடையாது. அந்நாட்டின் பழைய குடியேற்ற வரலாற்றில் வரும் ஒல்லி ஹெல்கி, கிறிஸ்துவை நம்பித் தம் பண்ணைக்கே அவர் பெயரைச் சூட்டியவர். ஆயினும் கடற்பயணத்திலும் இக்கட்டிலும் அவர் தோரைத்தான் அழைத்தார். ஆகவே கனவை (காக்கைகள் காரணமின்றியும் வரும்) ஓர் அறிமுகமாக மட்டும் கொண்டு, ஒரு குவளைத் தேன்மதுவையோ பழச்சாற்றையோ ஓடின் பெயரைச் சொல்லிச் சிறிது பருகி, மீதியை மரத்தடியில் ஊற்றிவாருங்கள். சில மாதங்கள் கழிந்தும் மனம் அங்கே செல்லாவிட்டால், தோரிடம் செல்வதில் தவறொன்றும் இல்லை.