கொல்லைப்புறக் கேள்விகள்: ஆடி வரை அல்ல, ஆண்டுக்கணக்கில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விதையைப் பற்றியவை. ஆடியில் போட்டது முளைக்காத வருத்தம் எழுத்திலேயே தெரிகிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கே பக்கத்தைக் கொடுக்கிறேன்.

2 வருடத்துக்கு முன் எடுத்த கத்தரி, தக்காளி, வெங்காய விதைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருந்தேன். இந்த ஆடியில் தக்காளி மட்டும் ஐந்தாறு முளைத்தது. விதையின் ஆயுள் இவ்வளவுதானா?
– ஒரு வாசகி, சென்னை

வெங்காயத்தை விட்டுவிடுங்கள் சகோதரி. அது ஓராண்டு தாங்கினாலே பெரிது. ஆனால் கத்தரியும் தக்காளியும் நான்கைந்து ஆண்டு சாதாரணமாக இருக்க வேண்டியவை. அவற்றைக் கொன்றது நீங்கள் வைத்த இடம். அடுப்புக்கு மேலே சூடும் உண்டு, சோறு வடிக்கும் ஆவியும் உண்டு. விதைக்கு ஆகாத இரண்டும் ஒரே அலமாரியில்.

கலிஃபோர்னியாவில் விதை ஆராய்ச்சி செய்த ஹாரிங்டன் என்ற அறிஞர் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். விதையில் உள்ள ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். ஈரம் 12 சதவீதத்திலிருந்து 8-க்கு வந்தால் நான்கு முறை இரட்டித்து 16 மடங்கு ஆகிறது. சமையலறையின் 35 டிகிரியிலிருந்து 25 டிகிரி உள்ள அறைக்கு மாற்றினாலே இன்னும் 4 மடங்கு. ஈரம் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் வீட்டில் வெயிலில் காய வைக்கிற நாம் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் கொல்லையில் 11 தென்னைகள் சாய்ந்தன. 23 நாள் மின்சாரம் இல்லை. ஓடு பறந்து வீடு முழுவதும் ஈரம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த விதைகளை எடுத்து மேசையில் பரப்பினேன். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி பாட்டில்களில் இருந்தவை குலுக்கினால் கலகலவென்று சத்தம் போட்டன. துணிப்பையிலும் காகித உறையிலும் வைத்தவை கெட்டுவிட்டன. மிளகாய் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறப் பூசணம் பூத்திருந்தன. புடலை விதையை விரலால் மடித்தால் தோல்போல வளைந்தது. அந்த வருடம் 9 ரகங்கள் போயின. அவற்றில் ஒன்று என் மாமியாரின் தாய்வீட்டிலிருந்து வந்த பச்சைவரிக் கத்தரி. இன்றுவரை அது எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதனால்தான் எத்தனை முறை கேட்டாலும் காய வைப்பதைப் பற்றியே முதலில் பேசுகிறேன். விதையை எடுத்ததும் 2 நாள் நிழலில், காற்றோட்டத்தில் முறத்தில் பரப்புங்கள். பிறகு காலை 8 மணி முதல் 12 மணி வரையும், மாலை 3 முதல் 5 வரையும் வெயில் காட்டுங்கள். உச்சி வெயில் வேண்டாம். மொட்டைமாடித் தரையிலோ தகரத்திலோ நேராகக் கொட்ட வேண்டாம், அடியில் துணி விரியுங்கள். பூசணி விதையை மடித்தால் வளையாமல் ஒடிய வேண்டும். அவரையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. அதன்பின் சூடு முழுவதும் ஆறிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும்.

கடைசி ஈரத்தை வெயில் எடுக்காது, அதுவும் சென்னை போன்ற கடற்கரை ஊரில். பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, பாட்டிலில் பாதி உயரத்துக்குப் போடுங்கள். விதையை மெல்லிய துணியில் முடிந்து அதன்மேல் வைத்து மூடுங்கள். ஒரு வாரத்தில் அரிசியை மாற்றுங்கள். சிலிக்கா ஜெல் கிடைத்தால் விதையின் எடைக்குச் சம எடை போடலாம்.

என் பாட்டி கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பார். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அடிப்பார். இவையெல்லாம் உண்மையிலேயே பயன்படுமா?
– ஒரு வாசகர், பெரம்பலூர்

பயன்படும் தம்பி. எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று பார்க்க வேண்டும்.

என் மாமியார் செய்ததை அருகில் இருந்து பார்த்தவள் நான். விதைக்கு விட்ட கத்தரி செடியிலேயே மஞ்சளாகிப் பழுப்பேறும் வரை காத்திருப்பார். பறித்து நான்கைந்து நாள் திண்ணையில் போட்டுவைப்பார். கட்டைவிரல் அழுந்தும் பதம் வந்ததும் நாலாகப் பிளந்து, குண்டான் தண்ணீரில் பிசைவார். சதையும் பொக்கும் மேலே மிதக்கும், நல்ல விதை அடியில் படியும். தண்ணீரை இறுத்துவிட்டு, சலித்த வரட்டிச் சாம்பலை ஒரு கை அள்ளிப்போட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்ப்பார். வழுவழுவென்று கட்டியாக இருந்தது சில நிமிடத்தில் மணல்போல உதிரும். உதிர்ந்ததை மூங்கில் தட்டில் நிழலில் உலர்த்தி, புதுச் சாம்பலோடு சுரைக்குடுக்கையில் போட்டு, வாயைத் துணியால் அடைத்து உத்தரத்தில் கட்டிவிடுவார்.

சாம்பல் ஈரத்தை இழுக்கிறது, விதைகளை ஒட்டாமல் பிரிக்கிறது. பூச்சியின் உடம்பில் உள்ள மெழுகுப் பூச்சை உராய்ந்து அதைக் காயவைத்துக் கொல்கிறது. சாண வரட்டி எலிக்கும் வண்டுக்கும் எட்டாத ஓடாக விதையைச் சுற்றி இறுகுகிறது. விதைக்கிற நாளில் வரட்டியை உடைத்து அப்படியே குழியில் வைத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறையினர் விதையை ஆண்டுக்கணக்கில் வைக்க நினைக்கவே இல்லை. தையில் எடுத்தது ஆடி வரை தாங்க வேண்டும். ஆறே மாதம், அதுவும் காய்ந்த மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை வருவதற்குள் விதை மண்ணுக்குள் போய்விடும். வருடா வருடம் விதைத்து வருடா வருடம் எடுத்ததுதான் அவர்களின் சேமிப்பு. நமக்கோ நாலு தொட்டி, ஒரு மாடி. 30 ரகம் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் ஒவ்வொரு வருடமும் விதைக்க முடியாது. 4 வருடத்துக்கு ஒருமுறை முறை வைத்துப் போடுகிறவருக்குக் குடுக்கையும் சுவரும் போதாது. காற்றுப் புகாத பாட்டில் வேண்டும். சாம்பலில் புரட்டுவதை விடாதீர்கள். மழைக்காலக் காற்று பட்டால் சாம்பலே ஈரத்தைக் குடித்து விதைக்குக் கொடுத்துவிடும் என்பதால், புரட்டிக் காயவைத்த பிறகு பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? ஃப்ரீசரில்?
– ஒரு வாசகி, மதுரை

இரண்டிலும் வைக்கலாம், காய்ந்திருந்தால். டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்திலும், 2008-ல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் திறந்த உலக விதைப் பெட்டகத்திலும் −18 டிகிரியில்தான் விதைகளை வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு ஃப்ரீசரும் ஏறக்குறைய அதே குளிர்தான். அவர்கள் அதற்கு முன் விதையை மிகவும் உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்துவிடுகிறார்கள். ஈரமுள்ள விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே பனிக்கட்டி உறைந்து உயிர்ச்சத்தைக் கிழித்துவிடும். உலர்ந்ததா என்று உறுதி இல்லாதவர்கள் கீழ்த்தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும்.

பலர் தவறுவது வெளியே எடுக்கும்போது. குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் அறைக்காற்றின் ஈரம் விதைமேல் முத்து முத்தாகப் படியும். மாலையில் எடுத்து வெளியே வையுங்கள், மறுநாள் காலையில் திறங்கள். ஒரே பெரிய பாட்டிலில் வைக்காமல் ஒரு விதைப்புக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துவைத்தால் அடிக்கடி திறக்கவும் வேண்டாம்.

டப்பாவை இறுக்கி மூடியும் அவரை விதையில் வட்ட வட்டமாக ஓட்டை. வண்டு எப்படி உள்ளே போனது?
– ஒரு வாசகி, தர்மபுரி

வெளியிலிருந்து போகவில்லை. பயறு வண்டு கொடியில் முற்றும் காயின்மேலேயே முட்டையிட்டுவிடும். புழு விதைக்குள் புகுந்து வளர்ந்து, வண்டாகி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. நீங்கள் விதையோடு அதையும் சேர்த்துத்தான் மூடினீர்கள். நெற்றை உரித்து நன்றாகக் காயவைத்த விதையைப் பாட்டிலோடு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும். இல்லையென்றால் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெயை விதை மினுங்கும்படி புரட்டிவையுங்கள். துவரைக்குச் செம்மண் கட்டுவதும் இதற்காகத்தான்.

பலாக்கொட்டையையும் கறிவேப்பிலைப் பழத்தையும் நீங்கள் சொன்னபடி நன்றாகக் காயவைத்து எடுத்துவைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.
– ஒரு வாசகர், ஓசூர்

இவற்றுக்கு நான் சொன்னது பொருந்தாது என்று முன்பே எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள். பலா, மா, கறிவேப்பிலை ஆகியவை காய்ந்தால் செத்துப்போகும் வகை. ஈரத்தோடு விழுந்து ஈரத்திலேயே முளைக்கப் பழகியவை. சதையைக் கழுவிவிட்டு அன்றைக்கோ அந்த வாரத்திலோ ஊன்றிவிடுங்கள். வேம்பும் நீண்ட நாள் காத்திருக்காது.

கடையில் வாங்கிய பாக்கெட்டில் தேதி முடிந்துவிட்டது. எறிந்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

வேண்டாம். நம் நாட்டு விதிப்படி, பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம் என்று அந்தத் தேதியைப் போடுகிறார்கள். அது விற்பனைக்கான கெடு, விதை சாகும் நாள் அல்ல. ஈரத்துணியில் 20 விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, மூடிய டப்பாவில் வைத்துத் தினமும் பாருங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14 நாள் பொறுக்க வேண்டும். வெண்டைக்கு 3 வாரம். சான்று பெற்ற விதையிலேயே தக்காளிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீத முளைப்புத்திறன்தான் கேட்கிறார்கள். அதனால் 20-க்கு 14 வந்தால் புது விதைக்குச் சமம். 7 வந்தால் இரண்டு மடங்காக விதையுங்கள்.

என் அம்மா போன மாசியில் காலமானார். பரணில் அவர் வைத்திருந்த 14 விதை பாட்டில்கள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. ‘பெரிய அவரை 2016’, ‘குட்டைப் பீர்க்கன் 2017’ என்று. முளைக்குமா? விதைத்து முளைக்காமல் போனால் என்ன செய்வது என்று தொடவே பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொடாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு கோடையும் அந்த விதைகளின் ஆயுளில்தான் கழிகிறது. இன்றே பரணிலிருந்து கீழே இறக்குங்கள். ஓட்டுக்கு அடியில் உள்ள பரணைவிடச் சூடான இடம் வீட்டில் இல்லை.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. இஸ்ரேலின் மசாதா கோட்டையில் தோண்டி எடுத்த, ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-ல் முளைத்தது. அங்கே அதைக் காத்தது பாலைவனத்தின் வறட்சி. பரணில் இருந்த பாட்டிலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஆனாலும் மூடி இறுக்கமாக இருந்தால் அவரை, பூசணி, தக்காளி, கீரை ஆகியவற்றில் சிலவாவது உயிரோடு இருக்கலாம். மிளகாயும் வெண்டையும் சந்தேகம். வெங்காயம் இருந்தால் அதில் மனத்தை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலிலும் 10 விதை மட்டும் எடுங்கள். பழைய அவரையைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். காய்ந்து கிடந்த விதை திடீரென்று தண்ணீரைக் குடித்தால் உள்ளே வெடிப்பு விடும். ஒரு டப்பாவில் ஈரத்துணி போட்டு, அதற்குமேல் சிறு தட்டில் விதையை வைத்து மூடி, ஓரிரவு ஈரக்காற்றில் விடுங்கள். மறுநாள் ஈரத்துணிக்கு மாற்றுங்கள். பழைய விதை சோம்பலாக எழும், வழக்கத்தைவிட ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருங்கள்.

அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. ஒரே ஒரு கொடி பிழைத்தாலும் ரகம் உங்களிடம் வந்துவிட்டது. பீர்க்கனில் ஒரே கொடி எழுந்தால், பூ மாலையில் விரியும் நேரம் பார்த்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் நீங்களே தடவி, துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பீர்க்கனோடு கலக்காது. முதலில் வரும் காய்களைக் குழம்புக்குப் பறிக்காமல் நெற்றாக விடுங்கள். எடுத்த விதையில் ஒரு பங்கை உங்கள் சகோதரி வீட்டிலோ தோழி வீட்டிலோ கொடுத்துவையுங்கள். கஜாவுக்கு முன் நான் அதைச் செய்திருந்தால் பச்சைவரிக் கத்தரி இன்று என்னிடம் இருந்திருக்கும்.

புது விதையைப் பாட்டிலில் போடும்போது உங்கள் அம்மாவின் சீட்டைக் கிழிக்காதீர்கள். அவர் எழுதிய 2016-க்குக் கீழே இந்த ஆண்டை எழுதுங்கள்.